கவுண்டி பொருளாளர் தேர்தலில் "நிதிப் பொறுப்பு" என்று வாக்கு கேட்பவரை எப்படி எடைபோடுவது?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். குடியுரிமை கிடைத்து நானும் மனைவியும் முதல்முறையாக வாக்களிக்கப் போகிறோம். வாக்குச்சீட்டில் கவுண்டி ட்ரெஷரர் என்று ஒரு பதவி இருக்கிறது. அதற்குப் போட்டியிடும் ஒருவரின் துண்டறிக்கை வீட்டுக்கு வந்தது. "நிதிப் பொறுப்பு, வீண்செலவுக்கு முடிவு, உங்கள் வரிப்பணத்துக்குக் கூடுதல் வருமானம்" என்று மூன்று வாக்குறுதி கொடுத்திருக்கிறார். இந்தப் பதவியில் இருந்துகொண்டு இதையெல்லாம் செய்ய முடியுமா? இவரை எப்படி எடைபோடுவது?

பதில்:

வீண்செலவை நிறுத்துவது அவர் கையில் இல்லை. கூடுதல் வருமானம் தருகிறேன் என்பதுதான் மூன்றில் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நிதிப் பொறுப்பு என்பது இந்தப் பதவிக்கு உயிர்நாடி, ஆனால் அதை அளக்கும் கோல் வேறு. நான் உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கையில் பல வருடம் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தில் இருந்து கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே, நம் ஊர் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு. அதில் எதற்கு எவ்வளவு செலவு என்று முடிவு செய்வது மேற்பார்வையாளர் குழு. பெரும்பாலான கவுண்டிகளில் 5 பேர். உங்கள் வீட்டுக்கு மதிப்பு போடுவது அசெஸர். கணக்கு எழுதி, பில்லைச் சரிபார்ப்பது ஆடிட்டர்-கன்ட்ரோலர். வரி விகிதத்துக்கோ 1978-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு உச்சவரம்பு கட்டிவிட்டது: அடிப்படைச் சொத்து வரி மதிப்பில் 1 சதவீதம், வீடு கைமாறாதவரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஆக, வரியைக் குறைப்பதும் செலவைக் குறைப்பதும் பொருளாளர் மேசைக்கே வராத விஷயங்கள். தன் சொந்த அலுவலகத்தைச் சிக்கனமாக நடத்தலாம், அவ்வளவுதான்.

பிறகு அவர் என்னதான் செய்கிறார்? பணத்தை வாங்கி, பத்திரமாக வைத்திருந்து, கேட்கும் நாளில் கொடுக்கிறார். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் தொகையைப் பாருங்கள். கலிபோர்னியாவில் சொத்து வரி ஆண்டுக்கு இரண்டு தவணையாக வருகிறது. முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவதுக்கு ஏப்ரல் 10 கடைசி நாள். தவறினால் 10 சதவீத அபராதம். அந்த இரு தேதிகளையொட்டிப் பணம் மலையாகக் குவியும். ஆனால் ஆசிரியர் சம்பளமும் மருத்துவமனைச் செலவும் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். இடைப்பட்ட நாட்களில் அந்தப் பணம் சும்மா இருக்கக் கூடாது என்று பொருளாளர் அதை முதலீடு செய்கிறார். அதுவும் கவுண்டியின் பணம் மட்டும் இல்லை. பள்ளி மாவட்டங்கள், தண்ணீர் வாரியங்கள், சில நகராட்சிகள் என்று எல்லார் பணமும் ஒரே கூட்டு நிதியில் இருக்கும். பெரிய கவுண்டிகளில் இது பல நூறு கோடி டாலர். லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கான கோடி.

இந்தப் பணத்தை எப்படி முதலீடு செய்ய வேண்டும் என்பதற்கு மாநிலச் சட்டம் ஒரு வரிசையையே எழுதி வைத்திருக்கிறது. முதலில் முதலுக்குப் பாதுகாப்பு. அடுத்தது, கேட்ட நாளில் பணம் கையில் இருப்பது. மூன்றாவதாகத்தான் வட்டி வருமானம். துண்டறிக்கையில் மூன்றாவதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருப்பவரைக் கண்டால் எனக்கு 1994-ஆம் ஆண்டு ஆரஞ்ச் கவுண்டி ஞாபகத்துக்கு வருகிறது. நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே நடந்தது. இந்தப் பதவிக்கு வாக்களிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கதை அது.

ராபர்ட் சிட்ரன் அங்கே 1970-களின் தொடக்கத்தில் இருந்து பதவியில் இருந்தவர். வரி வசூலிப்பாளராக நுழைந்து, பிறகு பொருளாளர் வேலையும் சேர்ந்து, 20 ஆண்டுகளுக்கும் மேல் அசைக்க முடியாத ஆளாக இருந்தார். கல்லூரிப் பட்டம் கிடையாது. அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். கவுண்டியோ குடியரசுக் கட்சியின் கோட்டை. அப்படியிருந்தும் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்தார். காரணம், மாநில அரசு நடத்தும் கூட்டு நிதியைவிட அவர் ஓரிரு சதவீதம் கூடுதலாக வட்டி சம்பாதித்துக் கொடுத்தார்.

அந்த ஓரிரு சதவீதம் ஏன் அவ்வளவு இனித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 13-ஆம் முன்மொழிவுக்குப் பிறகு கவுண்டிகளுக்கு வரியைக் கூட்டும் வழி அடைபட்டது. 1990-களின் தொடக்கத்தில் மாநில அரசுக்கே பண நெருக்கடி வந்து, கவுண்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்த சொத்து வரியில் ஒரு பகுதியைப் பள்ளிகள் பக்கம் திருப்பிவிட்டது. வரியும் கூடாமல், சேவையும் குறையாமல் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்றால் எங்கிருந்தாவது பணம் வர வேண்டும். சிட்ரனின் வட்டி அந்த ஓட்டையை அடைத்தது. மேற்பார்வையாளர்கள் அவரிடம் எதையும் துருவிக் கேட்காததற்கு நான் இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். வரி கேட்காமல் பணம் கொண்டுவருகிறவரை அரசியல்வாதி யாரும் கேள்வி கேட்க மாட்டார். வாக்காளரும் கேட்க மாட்டார்.

சரி, அந்தக் கூடுதல் வட்டி எப்படி வந்தது? கையில் இருக்கும் நகையை அடகு வைத்துப் பணம் வாங்கி, அந்தப் பணத்தில் இன்னும் நகை வாங்கி, அதையும் அடகு வைத்தால் எப்படியோ, அதைத்தான் அவர் கடன் பத்திரங்களை வைத்துச் செய்தார். இதற்கு அங்கே ரிவர்ஸ் ரெப்போ ஒப்பந்தம் என்று பெயர். கூட்டு நிதியில் பல நிறுவனங்கள் போட்டு வைத்திருந்த பணம் ஏறக்குறைய 750 கோடி டாலர். பத்திரங்களை ஈடு வைத்து அவர் வாங்கிய கடனையும் சேர்த்தால், முதலீடு 2,060 கோடி டாலர் வரை போனது. குறைந்த வட்டிக்குக் குறுகிய காலக் கடன் வாங்கி, சற்று அதிக வட்டி தரும், சில ஆண்டுகள் கழித்து முதிரும் பத்திரங்களில் போடுவது. நடுவில் இருக்கும் வித்தியாசம் லாபம். அதோடு, சந்தை வட்டி இறங்கினால் கூடுதலாகக் கொடுக்கும், ஏறினால் குறைத்துக் கொடுக்கும் இன்வர்ஸ் ஃப்ளோட்டர் என்ற வகைப் பத்திரங்களும் நிறைய வாங்கினார். இவற்றில் பெரும்பகுதியை அவருக்கு விற்றதும், கடன் கொடுத்ததும் மெரில் லிஞ்ச் என்ற வால் ஸ்ட்ரீட் தரகு நிறுவனம்.

இந்தப் பத்திரங்கள் எல்லாம் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அமெரிக்க அரசின் ஆதரவு பெற்ற அமைப்புகள் வெளியிட்ட, திரும்பி வராமல் போகும் அபாயம் அநேகமாக இல்லாத பத்திரங்கள். அபாயம் முழுவதும் ஒரே ஒரு இடத்தில் இருந்தது: வட்டி விகிதம் ஏறக் கூடாது. ஏறாதவரை எல்லாம் பிரமாதமாக ஓடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. அந்தப் பத்திரங்களின் தன்மைப்படி, சந்தை வட்டி 1 சதவீதம் ஏறினால் 100 டாலர் பத்திரத்தின் விலை சுமார் 2.7 டாலர் இறங்கும். சொந்தப் பணம் மட்டும் போட்டிருந்தால் நட்டம் அத்தோடு நின்றிருக்கும். ஆனால் சொந்தப் பணம் 100 என்றால் வாங்கி வைத்திருந்தது 270-க்கும் மேல். அப்போது அதே 1 சதவீத ஏற்றத்தில் 7 டாலருக்கு மேல் போய்விடும். 1994-ல் அந்தப் பத்திரங்களுக்கான சந்தை வட்டி ஏறத்தாழ 3 சதவீதம் ஏறியது. 100-ல் 22 டாலர் காலி. 750 கோடியில் 22 சதவீதம் எவ்வளவு? 165 கோடி. கடைசியில் உறுதியான நட்டம் 164 கோடி டாலர். இதைக் கண்டுபிடிக்க மேதாவி வேண்டியதில்லை. பத்திரங்களின் பட்டியலும் கடன் தொகையும் கையில் இருந்தால் போதும். அந்த இரண்டையும் யாரும் கேட்டு வாங்கிப் பார்க்காததுதான் விஷயம்.

ஒருவர் பார்த்தார். கோஸ்டா மேசா ஊரைச் சேர்ந்த ஜான் மூர்லாக். நெதர்லாந்தில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா வந்தவர்; சான்றிதழ் பெற்ற கணக்காளர்; குடியரசுக் கட்சிக்காரர். 1994 ஜூன் தேர்தலில் சிட்ரனை எதிர்த்து நின்றார். அதுவரை சிட்ரனை யாரும் பெரிதாக எதிர்த்ததே இல்லை. நிதிப் பொறுப்பு என்பதைத்தான் மூர்லாக்கும் முன்வைத்தார். ஆனால் வீண்செலவு, ஊழல், வரி என்றெல்லாம் பேசவில்லை. "இந்தக் கூட்டு நிதி கடன் வாங்கிப் பந்தயம் கட்டுகிறது, வட்டி இறங்கும் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது, இப்போது வட்டி ஏறுகிறது, நட்டம் பெரிதாக இருக்கும்" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, மே மாதக் கடைசியில், மேற்பார்வையாளர் குழுவின் தலைவராக இருந்த தாமஸ் ரைலிக்கு இதையே நீண்ட கடிதமாகவும் எழுதினார்.

அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்ததும் அவர் சொன்னதற்கு ஒத்துத்தான் இருந்தது. அமெரிக்க மைய வங்கி 1994 பிப்ரவரி 4 அன்று வட்டியை 3 சதவீதத்தில் இருந்து ஏற்ற ஆரம்பித்தது. மே மாதத்துக்குள் 4.25. நவம்பரில் 5.5. ஒரே ஆண்டில் ஆறு முறை ஏற்றினார்கள்.

ஆனால் மக்கள் என்ன செய்தார்கள்? சிட்ரனுக்கு ஏறத்தாழ 60 சதவீத வாக்குகள் கொடுத்தார்கள். மூர்லாக் சொன்னதைத் தேர்தல் நேரத்து மிரட்டல் என்று ஒதுக்கினார்கள். கவுண்டியின் நல்ல பெயரைக் கெடுக்கிறார் என்று குறையும் சொன்னார்கள். வாக்காளர்களை நான் பெரிதாகக் குற்றம் சொல்ல மாட்டேன். 20 வருடமாக வட்டி கொண்டுவந்து கொடுத்த மனிதர் ஒரு பக்கம். ரிவர்ஸ் ரெப்போ, வட்டி விகித அபாயம் என்று புரியாததைப் பேசும் புதியவர் இன்னொரு பக்கம். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பதவி வாக்குச்சீட்டில் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெயர். மேற்பார்வையாளர்களை அப்படி விட முடியாது. கடிதம் அவர்கள் கையில் இருந்தது. கேட்கும் அதிகாரமும் இருந்தது. பின்னர், 1996 ஜனவரியில், அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையமே அவர்களைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது.

தேர்தல் முடிந்த அடுத்த மாதம் நடந்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. கவுண்டி 60 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு, அந்தப் பணத்தையும் அதே கூட்டு நிதியில் போட்டது. சாலை போடவோ பள்ளி கட்டவோ வாங்கிய கடன் இல்லை அது. வட்டி வித்தியாசத்தில் சம்பாதிக்க வாங்கியது. இர்வைன் பள்ளி மாவட்டம் போன்றவையும் இப்படிக் கடன் வாங்கிப் போட்டிருந்தன. ஒரு பள்ளி மாவட்டம் கடன் வாங்கி முதலீட்டு ஆட்டத்தில் இறங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். பக்கத்து ஊர்க்காரன் 8 சதவீதம் வாங்குகிறானே, நாம் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்ற ஆசை யாரையும் விடவில்லை.

டிசம்பர் 1 அன்று 150 கோடி டாலர் நட்டம் என்று கவுண்டி அறிவித்தது. சில நாட்களில் சிட்ரன் பதவி விலகினார். கடன் கொடுத்திருந்த வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் கூடுதல் ஈடு கேட்டன. கையில் இருந்த ரொக்கம் கரைந்துகொண்டிருந்தது. டிசம்பர் 6 அன்று ஒரு பெரிய நிறுவனம் கடனைப் புதுப்பிக்க மறுத்தது. அன்றே ஆரஞ்ச் கவுண்டி திவால் மனு போட்டது. அமெரிக்காவின் மிகச் செழிப்பான கவுண்டிகளில் ஒன்று; அதுவரை அந்நாட்டில் எந்த உள்ளாட்சி அமைப்பும் இவ்வளவு பெரிய அளவில் திவாலானதில்லை.

சிட்ரன் தன் பைக்கு ஒரு டாலர்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர் மீதான குற்றங்கள் வேறு. மற்ற நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய வட்டியில் ஒரு பகுதியைக் கவுண்டியின் கணக்குக்கு மாற்றியது, முதலீட்டாளர்களுக்குத் தவறான தகவல் கொடுத்தது என்று 6 குற்றச்சாட்டுகளை 1995-ல் ஒப்புக்கொண்டார். ஓராண்டு தண்டனையும் 1 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்கள். சிறை நிர்வாகத்தில் பகலில் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும் வகையில் அந்தத் தண்டனை கழிந்தது. வட்டி விகிதம் எப்படிப் போகும் என்று ஜோதிடம் பார்ப்பவரிடம் ஆலோசனை கேட்டிருந்தார் என்பதும் விசாரணையில் வெளியே வந்தது. 2013-ல் காலமானார். நேர்மையானவரா என்ற கேள்வியோடு மட்டும் நின்றுவிட்டால் இப்படிப்பட்ட ஒருவரை நாம் பிடிக்கவே முடியாது. அவர் கைசுத்தமானவர், அமைதியாக வாழ்ந்தவர், தன் திறமையை உண்மையிலேயே நம்பியவர்.

விளைவை யார் சுமந்தார்கள்? நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். சமூகநலத் திட்டங்கள் வெட்டுப்பட்டன. பேருந்துப் போக்குவரத்துக்குப் போக வேண்டிய விற்பனை வரிப் பணத்தில் ஒரு பகுதியைப் பல ஆண்டுகளுக்குக் கவுண்டிக் கடனை அடைக்கத் திருப்பினார்கள். பேருந்தில் போகிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டு நிதியில் பணம் போட்ட பள்ளிகளுக்கு முதலில் டாலருக்கு 90 செண்ட் அளவுக்கும் நகராட்சிகளுக்கு 80 செண்ட் அளவுக்கும் திரும்பியது. அரை செண்ட் விற்பனை வரி கூட்டி நிலைமையைச் சமாளிக்கலாம் என்று 1995 ஜூனில் மக்கள் முன் வைத்தார்கள். மக்கள் பெருவாரியாக நிராகரித்தார்கள். 1996 ஜூனில் கவுண்டி திவால் நிலையில் இருந்து வெளியே வந்தது. மெரில் லிஞ்ச் 1998-ல் 40 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. திவாலில் இருந்து மீள வாங்கிய கடனின் கடைசித் தவணை கட்டி முடித்தது 2017-ல். 1994-ல் பிறந்த குழந்தைக்கு அப்போது 23 வயது.

இதில் ஒரு எதிர்வாதமும் உண்டு. அதை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் மெர்ட்டன் மில்லர் போன்றவர்கள், கவுண்டி உண்மையில் திவாலாகவே இல்லை, பதற்றத்தில் பத்திரங்களை விற்றதுதான் தவறு என்று வாதிட்டார்கள். திவால் மனுவுக்குப் பிறகு, முன்னாள் மாநிலப் பொருளாளர் தாமஸ் ஹேஸ் பொறுப்பேற்று எல்லாவற்றையும் சில வாரங்களில் விற்றார். 1995-ல் சந்தை வட்டி மறுபடியும் இறங்கியது. வைத்திருந்தால் நட்டத்தில் பெரும்பகுதி மீண்டிருக்கும் என்பது கணக்கின்படி சரிதான். ஆனால் வைத்திருப்பது என்ற வசதி யாருக்கு உண்டு? அடுத்த மாதம் சம்பளம் போட வேண்டிய பள்ளிக்கு இல்லை. கடனைத் திருப்பிக் கேட்கும் வால் ஸ்ட்ரீட் முன்னால் நிற்கும் கவுண்டிக்கு இல்லை. வட்டி இன்னும் 1 சதவீதம் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வாரம் யாருக்குத் தெரியும்? கேட்ட நாளில் பணம் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் வட்டிக்கு முன்னால் வைத்திருப்பது இதற்காகத்தான். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்ததும் இதே குழியில்: நல்ல தரமான நீண்டகாலப் பத்திரங்கள், ஏறும் வட்டி, பணத்தை உடனே திருப்பிக் கேட்ட வாடிக்கையாளர்கள்.

மூர்லாக்கின் கதை அதோடு முடியவில்லை. தேர்தலில் தோற்ற அவரையே 1995 மார்ச்சில் கவுண்டி பொருளாளராக நியமித்தார்கள். 2006 வரை அந்தப் பதவியில் இருந்தார். பிறகு மேற்பார்வையாளர், மாநில செனட்டர். ஆனால் ஒரு நல்ல ஆளைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2010-ல் அதே ஆரஞ்ச் கவுண்டியில், அவருக்கு அடுத்து வந்த பொருளாளரிடம் இருந்து முதலீட்டு அதிகாரத்தை மேற்பார்வையாளர் குழு திரும்ப எடுத்துக்கொண்டது. அவர் முன்பு பார்த்த தனியார் வேலையில் பொறுப்பு மீறியதாக நீதிமன்றம் தீர்ப்பளித்ததுதான் காரணம். 1994-க்கு முன் இருந்த குழுவுக்கு அப்படிச் செய்யும் துணிவு வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

திவாலுக்குப் பிறகு மாநிலச் சட்டமும் இறுகியது. இன்வர்ஸ் ஃப்ளோட்டர் வாங்குவதற்குத் தடை வந்தது. ரிவர்ஸ் ரெப்போ முதலீட்டில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதற்கும் குறுகிய கால வரம்பு உண்டு. பொருளாளர் பதவிக்குக் கல்வித் தகுதியோ நிதி நிர்வாக அனுபவமோ வேண்டும் என்று வந்தது. அவருக்குத் தேர்தல் நன்கொடையை வரம்பு மீறிக் கொடுத்த தரகு நிறுவனத்தைக் கவுண்டி 48 மாதங்களுக்குத் தொடக் கூடாது என்று வந்தது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. பல பேருக்குத் தெரியாததும் இதுதான்.

எனவே உங்கள் வேட்பாளரிடம் என்ன கேட்கலாம்? தேர்தலுக்கு முன் பொதுக்கூட்டம் நடந்தால் போங்கள், இல்லாவிட்டால் மின்னஞ்சல் போடுங்கள். முதலில் அந்தக் கூடுதல் வருமானத்தையே கேளுங்கள்: மாநிலக் கூட்டு நிதி இன்று எவ்வளவு தருகிறது, நம் கவுண்டி எவ்வளவு தருகிறது, வித்தியாசத்தை எதை வைத்துக் கொண்டுவருவீர்கள்? வட்டி கூடக் கிடைக்க வேண்டும் என்றால் மூன்றே வழிதான் உண்டு. நீண்டகாலப் பத்திரம் வாங்க வேண்டும், தரம் குறைந்த பத்திரம் வாங்க வேண்டும், அல்லது கடன் வாங்கிப் போட வேண்டும். நல்ல வேட்பாளர் இந்த மூன்றில் எதை, எந்த அளவுக்கு என்று சொல்வார், அல்லது "அதற்காக அபாயத்தைக் கூட்ட மாட்டேன்" என்பார். "அனுபவத்தால், சாமர்த்தியத்தால்" என்று பதில் வந்தால் வாக்கு போடாதீர்கள். சிட்ரனும் அதைத்தான் நம்பினார்.

அடுத்து, வட்டி 2 சதவீதம் ஏறினால் நம் கூட்டு நிதியின் மதிப்பு எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். இப்போது பதவியில் இருப்பவரே போட்டியிட்டால் அவருக்கு இந்த எண் கைநுனியில் இருக்க வேண்டும். புதியவர் என்றால் எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேள்வி எதற்காக என்று புரிகிறதா என்று பாருங்கள். கூடவே அடுத்த 6 மாதச் செலவுக்கு வேண்டிய பணம் முதிரும் தேதிகளோடு பொருந்துகிறதா என்றும் கேட்கலாம்.

மூன்றாவது, யார் யாரைச் சரிபார்க்கிறார்கள் என்பது. ஆரஞ்ச் கவுண்டியில் திருட்டு இல்லை. ஆனால் திருட்டும் நடக்கும். இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்ற சிறு நகரத்தில், நகரக் கணக்கு முழுவதையும் கையில் வைத்திருந்த ஒரே அதிகாரி, 2012-ல் பிடிபடும்வரை 20 ஆண்டுகளுக்கும் மேலாக 5 கோடி டாலருக்கு மேல் எடுத்திருந்தார். மக்கள்தொகை 16,000-க்கும் குறைவான ஊர். அவர் விடுமுறையில் இருந்தபோது வங்கிக் கணக்குத் தாள்களை வேறொருவர் வாங்கிப் பார்த்ததால்தான் விஷயம் வெளிவந்தது. பணத்தை வாங்குகிறவரும், கணக்கு எழுதுகிறவரும், வங்கித் தாளோடு ஒத்துப் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தணிக்கையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பொருளாளர் வேட்பாளர் இந்தப் பிரிவினையைப் பற்றித் தானாகப் பேசினால் அவருக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுங்கள்.

வீண்செலவு பற்றி ஒரே ஒரு இடத்தில் பொருளாளர் வேட்பாளர் உண்மையாகவே பேச முடியும், அது அவருடைய பதவியைப் பற்றியே. டெக்சாஸில் கால்வெஸ்டன் கவுண்டியில் ஹேங்க் டூகி என்பவர், "இந்தப் பதவியே தேவையில்லை, இந்த வேலைகளை மற்ற அலுவலகங்கள் செய்யலாம், என்னைத் தேர்ந்தெடுத்தால் பதவியை ஒழித்துவிடுவேன்" என்று சொல்லி 2022-ல் ஜெயித்தார். அதற்கு மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடந்து அதுவும் நிறைவேறியது. சொன்னதைச் செய்தார், அது பாராட்ட வேண்டியது. ஆனாலும் எல்லாக் கவுண்டிக்கும் இது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒரு பொருளாளர், மேற்பார்வையாளர் குழு தப்பான வழியில் பணம் கேட்டால் முடியாது என்று சொல்லும் இடத்தில் இருக்கிறார். அந்த இடம் காலியாக இருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கட்சியைப் பார்த்து முடிவெடுக்க முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கலிபோர்னியாவில் இந்தப் பதவிக்கு வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. இருந்தாலும் உதவாது. ஆரஞ்ச் கவுண்டியில் ஆபத்தான முதலீட்டைச் செய்தவர் ஒரு கட்சி, எச்சரித்தவர் இன்னொரு கட்சி, எச்சரிக்கையை ஒதுக்கியவர்களில் எச்சரித்தவரின் கட்சிக்காரர்களே நிறையப் பேர்.

இன்னும் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் கவுண்டி பொருளாளரின் இணையதளத்தில் முதலீட்டுக் கொள்கை என்று ஓர் ஆவணமும், மாதம் அல்லது காலாண்டுக்கு ஒரு முதலீட்டு அறிக்கையும் அநேகமாக இருக்கும். அறிக்கையின் முதல் இரண்டு பக்கம் போதும். மொத்தத் தொகை, சராசரி முதிர்வுக் காலம், வாங்கிய விலைக்கும் இன்றைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம், கடன் ஏதும் உண்டா என்ற நான்கையும் பாருங்கள். சராசரி முதிர்வு ஒன்று இரண்டு ஆண்டுகளுக்குள் இருந்து, கடன் இல்லை என்றால், இப்போது இருப்பவர் நிதானமாகத்தான் போகிறார். அப்போது "கூடுதல் வருமானம்" என்று வருகிறவர் எதை மாற்றப் போகிறார் என்று அந்த அறிக்கையைக் காட்டியே கேளுங்கள். அறிக்கையை அவர் ஏற்கெனவே படித்திருக்கிறாரா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.